காணாமல் போன பட்டை

ஆரணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வியாழன் படங்களையும் பார்த்தேன். ஒன்றில் இரண்டு பழுப்புப் பட்டைகள். 2010-இல் எடுத்ததில் ஒன்றுதான். "இதில எது தப்பு மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் சரிதான்.

வியாழனில் தரையே கிடையாது. தெரிவதெல்லாம் மேகம். வெள்ளையான இடங்களில் அமோனியா பனித்துகள் மேகம் உயரத்தில் அடர்ந்து கிடந்து வெயிலை எதிரொளிக்கிறது. பட்டைகளில் அது மெலிந்திருப்பதால், கீழே உள்ள கருத்த மேகம் தெரிகிறது. அந்தப் பழுப்பும் சிவப்பும் எந்தப் பொருளின் நிறம்? கந்தகச் சேர்மம் என்கிறார்கள் சிலர். அமோனியாவும் அசிட்டிலீனும் புற ஊதாக் கதிரில் மாறிப் பிறந்தது என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

2010-இல் தெற்குப் பட்டையின் மேல் வெள்ளை மேகம் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். மார்கழி விடியலில் கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போகும்போது பார்ப்பேன்: பனி இறங்கியிருந்தால் பாலத்துக்குக் கீழே ஆரணியாறே இருக்காது. வெயில் ஏறினால் ஆறு அங்கேயேதான் இருக்கும். வியாழனில் அந்தப் பனி விலக மாதக்கணக்காயிற்று. நவம்பரில் பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோ ஒரு சின்ன வெண்புள்ளி கிளம்பியதைப் படம் பிடித்தார். பட்டை திரும்புவதற்கு அதுதான் தொடக்கம். இத்தனைக்கும் வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு.

இன்னொரு வேடிக்கை: அகச்சிவப்புக் கருவியில் பார்த்தால் நம் கண்ணுக்குக் கருத்த பட்டைதான் பளிச்சென்று ஒளிரும். மேகம் மெலிந்த இடத்தில் உள்வெப்பம் வெளியே கசிகிறதே! அதனால் வெளிச்சம் என்று சொல்லும்போது எந்த வெளிச்சம் என்றும் கேட்டுக்கொள்.

நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலும் வெளிச்சக் கணக்கு பார்த்திருக்கிறார்கள். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலா கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த விண்மீனின் ஒளி மங்கிய விதத்தை அளந்து, கனிமீடில் மெல்லிய காற்று இருக்கலாம் என்றார்கள். 1979-இல் வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்தபோது அந்த அளவுக்குக் காற்று இல்லை.

இங்கே வடக்கே ஃபேக்டரி விளக்குகள் வானத்தை மஞ்சளாக்குகின்றன; வியாழனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நீயும் மாடியில் சின்னத் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து வரைந்து வை. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும் கிரகம் அது, சீக்கிரம் வரை. ஓரத்தில் மணியைக் குறி. என்றாவது ஒரு பட்டைதான் தெரிந்தால், லென்ஸைத் துடைக்க ஓடாதே. எனக்கு போன் பண்ணு.

உன் மாமா