கண்ணுக்கு இடும் மைக்கும் ஆயுள் உண்டு

கண்ணுக்கு மை தீட்டுவது நம் பெண்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். முன்னாளில் தோட்டத்து லயங்களில் விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதனை விளக்கெண்ணெயில் குழைத்துச் சிமிழில் வைத்துக்கொள்வர். இன்று அச்சிமிழின் இடத்தைக் கடையில் விற்கும் கண்மைக் குச்சியும், இமை விளிம்பில் கோடு தீட்டும் ஐலைனரும், இமைமயிரைக் கருமையாக்கும் மஸ்காராவும், இமையின் மேல் பூசும் வண்ணத்தூளும் பிடித்துக்கொண்டுள்ளன. பண்டிகைக்கும் திருமணத்திற்கும் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கும் இவை வேண்டியிருக்கின்றன. தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் பெண்கள் பலர் இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர்.

டின் பாலும் ரொட்டியும் வாங்கும்போது கெடுதேதியைப் பார்த்து வாங்கும் நாம், கண்ணில் படும்படி பூசுகின்ற பொருளுக்கு அதைப் பார்ப்பதில்லை. சென்ற தீபாவளிக்கு வாங்கிய மஸ்காராவை அடுத்த தீபாவளிக்கும் எடுத்துப் பூசிக்கொள்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்கலாகாது என்னும் சிக்கன எண்ணமே இதற்குக் காரணம். சிக்கனம் நற்குணமே. ஆனால், சில வெள்ளியை மிச்சப்படுத்தக் கண்ணையே பணயம் வைப்பது சிக்கனமாகாது. ஆகவே, கண்ணுக்குரிய ஒப்பனைப் பொருள்களின் ஆயுள் எவ்வளவு, அது முடிந்ததை அறிவது எப்படி என்பதை இங்குப் பார்ப்போம்.

இரண்டு காலக்கெடுகள்

எந்த ஒப்பனைப் பொருளுக்கும் இரண்டு காலக்கெடுகள் உள்ளன. முதலாவது, திறக்கப்படாத பொருளுக்கு உரியது. உறையின் மேல் மாதமும் ஆண்டுமாக அச்சிடப்பட்டிருக்கும் தேதி இதனைக் குறிக்கும். மலாய் மொழியில் இதனைத் ‘தாரிக் லுப்புட்’ என்று எழுதியிருப்பர். மூடி திறக்கப்படாமல், வெயில் படாத இடத்தில் இருக்கும் பொருளுக்கே அத்தேதி பொருந்தும்.

இரண்டாவது, திறந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவது. இதுவே முக்கியமானது. பல பொருள்களின் உறையில், மூடி திறந்த சிறு டப்பியின் படம் ஒன்று காணப்படும். அப்படத்தினுள் 6 அல்லது 12 போன்ற ஓர் எண்ணும், அதனையடுத்து மாதத்தைக் குறிக்கும் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். உறையில் 2 ஆண்டுக்குப் பிந்திய தேதி இருந்தாலும், இன்று திறந்துவிட்டால் அந்த மாதக் கணக்கே செல்லும்.

மூடிக்குள் நடப்பது என்ன?

நம் தோலிலும் இமையிலும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவை அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கில்லை. மஸ்காராவின் தூரிகை இமைமயிரைத் தொட்டுவிட்டு மீண்டும் குழாய்க்குள் செல்லும்போது, இந்நுண்ணுயிர்களையும் உடன் கொண்டுசெல்கிறது. குழாய்க்குள் ஈரமும் இருளும் உள்ளன. மூடியைத் திறக்கும்தோறும் காற்றும் தூசியும் புகுகின்றன. கிருமிகள் பெருக இதைவிட ஏற்ற இடம் வேண்டியதில்லை.

இதனைத் தடுப்பதற்காகவே தயாரிப்பாளர்கள் கிருமித் தடுப்புப் பொருளைக் கலக்கின்றனர். எனினும், ஒவ்வொரு நாளும் புதிய கிருமிகள் உள்ளே செல்லச் செல்ல, அப்பொருளின் ஆற்றல் ஈடுகொடுக்க முடியாமற் போகிறது. திறந்தபின் ஆயுள் குறைவதற்குக் காரணம் இதுவே. வீட்டில் தயாரிக்கும் மையில் இத்தடுப்புப் பொருள் அறவே கிடையாது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருமி பெருகிய மை எப்போதும் நாற்றம் வீசுவதில்லை; நிறம் மாறுவதுமில்லை. பார்வைக்குப் புதியது போலவே இருக்கலாம். ஆகவே, கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் மட்டும் முடிவு செய்யாமல், நாட்கணக்கையும் நம்பவேண்டியிருக்கிறது.

கருவிழிக்கு வரும் ஆபத்து

பழைய மையினால் வரும் தொல்லைகள் பல. கண் அரிப்பு, சிவப்பு, இமை வீக்கம், கண்கட்டி, கண்வலி ஆகியன பெரும்பாலும் சிகிச்சையால் தீர்ந்துவிடும். ஆனால் அஞ்சத்தக்க நோய் ஒன்று உண்டு. அது கருவிழியின் முன்புறத்தில் கண்ணாடி போல் அமைந்த மெல்லிய படலத்தில் ஏற்படும் புண்ணாகும்.

1977-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவ ஏடு ஒன்றில் வில்சன், ஏஹர்ன் என்னும் ஆய்வாளர் இருவர் இதுபற்றி எழுதினர். மஸ்காராத் தூரிகை தவறிக் கருவிழியைக் கீறிய பெண்களுக்கு அவ்விடத்தில் புண் உண்டாயிற்று. புண்ணுக்குக் காரணமான சூடோமோனாஸ் என்னும் கிருமி அவர்கள் பயன்படுத்திய மஸ்காராவிலும் இருந்தது. இக்கிருமி நீரிலும் ஈரமான இடங்களிலும் வளர்வது. நலமான கண்ணின் மேற்பரப்பை இது எளிதில் ஊடுருவுவதில்லை. ஆனால் சிறு கீறல் ஒன்று கிடைத்தால் போதும். ஓரிரு நாட்களிலேயே கருவிழிப் படலத்தைக் கரைத்துவிட வல்லது. புண் ஆறினாலும், அவ்விடத்தில் வெண்ணிறத் தழும்பு நின்று பார்வையை மறைக்கலாம். கான்டேக்ட் லென்ஸ் அணிவோர்க்கு இவ்வாபத்து இன்னும் அதிகம்.

கீறல் தற்செயலாக நேர்வது. அதை முற்றிலும் தவிர்க்க இயலாது. அக்கீறலுக்குள் கிருமி புகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

எதனை எப்போது மாற்றுவது?

மஸ்காராவைத் திறந்த 3 மாதத்தில் மாற்றிவிட வேண்டும். தீபாவளிக்குத் திறந்த மஸ்காராவைத் தைப்பூசத்தன்று எடுத்துச் செல்லலாகாது என்று நினைவில் வைத்துக்கொண்டால், கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். குழாயில் பாதி மீதமிருந்தாலும் அதுவே முடிவு.

நீர்ம ஐலைனரின் தூரிகையும் இவ்வாறே கண்ணைத் தொட்டுக் குழாய்க்குள் திரும்புவதால், அதனை 3 முதல் 6 மாதத்திற்குள் மாற்றுவது நல்லது. விரலால் தொட்டு எடுக்கும் டப்பி மையையும் இவ்வகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

சீவிப் பயன்படுத்தும் கண்மைக் குச்சியும் புருவக் குச்சியும் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ஒவ்வொரு முறை சீவும்போதும் கண்ணைத் தொட்ட மேற்பகுதி அகன்று, புதிய முனை வெளிப்படுவதே காரணம். ஆனால் சீவாமலே பயன்படுத்தினால் இந்த நன்மை கிட்டாது. சீவும் துருவியையும் அவ்வப்போது துடைத்துத் தூய்மை செய்ய வேண்டும்.

உலர்ந்த வண்ணத்தூளில் ஈரமில்லாததால் அதுவும் ஓராண்டுக்கு மேல் இருக்கும். குழம்பு வடிவிலான இமைப்பூச்சை 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றலாம். உறையில் இவற்றைவிடக் குறைந்த காலம் குறிக்கப்பட்டிருந்தால், அதனையே பின்பற்றுக.

இவையனைத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். எளிய வழி ஒன்று உண்டு. பொருளைத் திறக்கும் அன்றே சிறு காகிதத் துண்டில் தேதியை எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே ஒப்பனை செய்துகொள்வோர், மிகச் சிறிய அளவில் விற்கும் பொருளையே வாங்குதல் சிக்கனமாகும்.

நாள் முடியுமுன் கெடுவதும் உண்டு

வெப்பம் கிருமித் தடுப்புப் பொருளின் ஆற்றலைக் குறைக்கும். கண் ஒப்பனைப் பொருள்களை 29 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கலாகாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் அறிவுரை. நம் நாட்டுச் சமவெளிகளிலோ நண்பகல் வெப்பம் 32 பாகையை எளிதில் தாண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டியிலும் காரிலும் அது இன்னும் ஏறும். ஆகவே இப்பொருள்களை அங்கெல்லாம் விட்டுவைக்காமல், வீட்டில் நிழலான, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். குளியலறை ஏற்ற இடமன்று.

முன்னிருந்த மணம் மாறுதல், எண்ணெய் தனியே பிரிதல், கட்டி கட்டுதல், உலர்ந்து உதிர்தல், தூளின் மேல் ஆடை போலப் படிதல், பூசியவுடன் கண் எரிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நாள் மீதமிருப்பினும் எறிந்துவிட வேண்டும்.

உலர்ந்த மஸ்காராவில் சில துளி நீர் விட்டுக் குழைப்பவர் உளர். எச்சிலால் நனைப்பவரும் உளர். இரண்டும் தீங்கானவை. நீரும் எச்சிலும் கிருமிகளைக் கொண்டுவருவதோடு, தடுப்புப் பொருளையும் நீர்த்துப்போகச் செய்கின்றன. மை உலர்ந்ததே அதன் ஆயுள் முடிந்ததற்கு அடையாளம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒப்பனைப் பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவருமுன், சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆசியான் நாடுகளுக்குப் பொதுவான இந்த முறை 2008-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ‘என்-ஓ-டி’ என்று தொடங்கி, 9 இலக்கங்களைக் கொண்டு, ‘கே’ என்று முடியும் எண் வழங்கப்படுகிறது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைக் கொண்டோ இவ்வெண்ணைக் கொண்டோ சரிபார்க்கலாம். இவ்வெண் இருப்பதனாலேயே அமைச்சு அப்பொருளைச் சோதித்துச் சான்றளித்தது என்று பொருளன்று. பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் இன்னதென்று தெரியும் என்பதே அதன் பயன்.

30 மாதத்திற்குக் குறைந்த ஆயுளுடைய பொருளுக்குக் கெடுதேதியைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பதும், கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் நுண்ணுயிர் அளவு மற்றப் பூச்சுகளைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் ஆசியான் விதிகளாகும்.

இரவுச் சந்தையில் பெயரும் தேதியுமின்றிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மை எத்தனை நாள் வெயிலில் கிடந்ததென்று யாருக்கும் தெரியாது. தேதி அழிக்கப்பட்டதையும், உறை பிரிந்ததையும் வாங்காதீர்கள். கடையில் பலரும் பூசிப் பார்க்க வைத்துள்ள மாதிரியைக் கண்ணில் பூசிப் பார்க்கவும் வேண்டாம்.

ஒரே மை, பல கண்கள்

பள்ளி ஆண்டு விழாவில் நடனமாடும் சிறுமியர் அனைவர்க்கும் ஒரே மைக்குச்சியால் கண்ணெழுதுவது பலவிடங்களில் நிகழ்கிறது. அவர்களுள் ஒருத்திக்குக் கண்வலி தொடங்கியிருந்தால், அது மற்றவர்க்கும் பரவ அக்குச்சியே வழியாகும். அக்காள் தங்கையராயினும், தாயும் மகளுமாயினும், கண் ஒப்பனைப் பொருளைப் பகிர்ந்துகொள்ளலாகாது. பெற்றோர் தம் பிள்ளைக்கென ஒரு குச்சியைக் கொடுத்தனுப்பலாம். மணமகள் ஒப்பனையைத் தொழிலாகக் கொண்ட சகோதரியர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தூரிகைகளைக் கையாள்வது வாடிக்கையாளர்க்கும் தொழிலுக்கும் நன்மை பயக்கும்.

கைக்குழந்தைகளும் கண்மையும்

கண் பெரிதாகும், பார்வை தெளியும், கண்ணேறு படாது என்றெல்லாம் கருதிக் குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டுவது வழக்கம். மை தீட்டுவதால் கண் பெரிதாவதில்லை. பெரியவரின் விரலிலுள்ள கிருமி குழந்தையின் கண்ணுக்குச் செல்வதே மிச்சம்.

இதனினும் பெரிய கேடு ஈயம். சுர்மா, கோல் என்னும் பெயர்களில் விற்கும் சிலவகை மைகள் ஈயம் கலந்த கனிமத்தை அரைத்துச் செய்யப்படுபவை. சில மாதிரிகளில் எடையில் பாதிக்கும் மேலாக ஈய சல்பைடு இருந்தது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. குழந்தை கண்ணைத் தேய்த்த கையை வாயில் வைக்கும்போது ஈயம் உடலுக்குள் செல்கிறது. அது இரத்தச் சோகையை உண்டாக்குவதுடன் மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது. இத்தகைய மைக்குக் கெடுதேதி பார்க்க வேண்டியதில்லை. அது புதியதாயினும் வேண்டாதது. திருஷ்டிப் பொட்டு இட விரும்பும் தாய்மார், ஈயம் கலவாத மையைக் கண்ணுக்கும் வாய்க்கும் எட்டாத இடத்தில் சிறிதளவு இட்டு, இரவில் துடைத்துவிடலாம்.

கண் சிவந்தால் செய்ய வேண்டியவை

கண் சிவந்து, நீர் வடிந்து, பீளை தள்ளினால் உடனே ஒப்பனையை நிறுத்துங்கள். நோய் கண்டபோது பயன்படுத்திய கண் ஒப்பனைப் பொருள் அனைத்தையும் எறிந்துவிடுங்கள். அவற்றை வைத்திருந்து மீண்டும் பூசினால், ஆறிய நோய் திரும்ப வரும். கண் முற்றும் குணமடைந்த பிறகே புதிய பொருளைத் திறக்க வேண்டும்.

கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, பார்வை மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது. வீட்டிலுள்ள பழைய கண்மருந்தை விடுவதும், தாய்ப்பால் பீய்ச்சுவதும் சிகிச்சையாகா. விடுமுறை நாளாயினும் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பயன்படுத்திய மையையும் உடன் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரணக் கண் சிவப்புக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையம் போதும். அங்கே குடிமக்கள் செலுத்தும் கட்டணம் 1 வெள்ளிதான்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

திறந்த நாளை எழுதி ஒட்டுக. மஸ்காராவை 3 மாதத்தில் மாற்றுக. உலர்ந்ததில் நீர் விடாதீர். பிறர் மையைத் தொடாதீர். உம் மையைப் பிறர்க்குத் தாராதீர். கையைக் கழுவிய பின்னரே கண்ணைத் தொடுக. ஓடும் வண்டியில் மை தீட்டாதீர். உறங்கச் செல்லுமுன் மையை நீக்குக. குழந்தையின் கண்ணுக்குள் மை இடாதீர்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பர் நம் முன்னோர். உங்கள் வீட்டு அலமாரியிலோ கைப்பையிலோ இருக்கும் மையை இன்றே எடுத்துப் பாருங்கள். அதனைத் திறந்த நாள் நினைவுக்கு வரவில்லையெனில், அதன் காலம் முடிந்ததென்றே கொண்டு குப்பையில் சேருங்கள்.