ஒன்று மூன்றானால்

ஒரு காணொளி ஊரெங்கும் பரவுவது எப்படி? பார்த்தவர் ஒவ்வொருவரும் மூவருக்கு அனுப்பினால் பத்தாம் படியில் மட்டும் 59,049 பேர். சராசரி ஒருவருக்குக் கீழே இறங்கினால் சீக்கிரமே நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம். கொடைக்கானலில் யூனிலீவர் குழுமத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதால் 2001இல் மூடப்பட்டது. உடல்நலம் கெட்டதென்று இழப்பீடு கேட்ட தொழிலாளர்கள் 2006இல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2015 ஜூலையில் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற பாட்டை வெளியிட்டார். உலகறிந்த மெட்டு, சில நிமிட நீளம், யாரிடம் எதைக் கேட்கிறோம் என்ற தெளிவு இவை சேர்ந்து அதைப் பல லட்சம் பேரிடம் கொண்டு சேர்த்தன. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு மட்டுமே வென்றது என்று எண்ண வேண்டாம். ரயில்வேயில் நான் கண்டது இது: ஊதல் ஊருக்கெல்லாம் கேட்கும், பாரம் இழுப்பது எஞ்சின்தான். இங்கே எஞ்சின், தொழிலாளர்களின் நீண்ட காலப் போராட்டம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் நம் ரங்கத்துக்கும் வந்தது. அனுப்புவது சுலபமாகிவிட்டது. பொய்க்கும் இதே கணக்குதான். ஆகவே பிள்ளைகளே, அனுப்புமுன் கேளுங்கள்: சொன்னவர் யார்? ஆதாரம் என்ன?