நூற்றுக்கு எத்தனை?

உங்கள் வீட்டில் தமிழ் எழுத்து அட்டவணை ஒட்டியிருக்கிறதா? எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. போன மாதம் என் மகள் அதன் முன்னால் நின்று, விரல் வைத்து எண்ணினாள். பிறகு சோர்ந்துபோய்ச் சொன்னாள்:

"அம்மா, மொத்தம் 247 எழுத்து! எனக்கு 30தான் தெரியும். நான் தமிழ் க்ளாஸை விட்டுடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் உங்களைப் போல வெளிநாட்டில் படித்தவள்தான். எட்டு வயதில் இதே அட்டவணையைப் பார்த்துப் பயந்து, தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டேன். மறுபடி எழுதப் பழகியபோது எனக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அதனால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"30 தெரியும்னு சொல்றியே, அது நூத்துக்கு எத்தனை?"

நூற்றுக்கு எத்தனை என்பதைத்தான் சதவீதம் என்கிறோம். சதம் என்றால் நூறு. சிங்கப்பூர்ச் செய்திகளில் விழுக்காடு என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

தெரிந்த எண்ணிக்கையை மொத்தத்தால் வகுக்க வேண்டும். வரும் விடையை 100ஆல் பெருக்க வேண்டும்.

30 ÷ 247 × 100 = 12.1 (ஏறக்குறைய)

அவள் முதலில் 247ஐ 30ஆல் வகுத்தாள். 823 சதவீதம் வந்தது! கால்குலேட்டர் காட்டியதை அப்படியே எழுதியும்விட்டாள். நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு வேலை செய்கிறவள். அது சொன்னதைச் செய்யும், "இது சரியா?" என்று நம்மைக் கேட்காது. ஒரு கூட்டத்தில் ஒரு பகுதியைக் கணக்கிடும்போது விடை 100ஐத் தாண்டவே தாண்டாது. தாண்டினால், எண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

"வெறும் 12 தானா?" அவள் முகம் இன்னும் வாடிவிட்டது.

சரி, அவளுக்குத் தெரிந்த 30 எவை? உயிர் எழுத்து 12, மெய் எழுத்து 18. மீதி என்ன? ஆய்தம் 1, உயிர்மெய் 216.

216 ÷ 247 × 100 = 87.4

அம்மாடி, அவ்வளவா! ஆனால் இந்த 216 எழுத்தும் எங்கிருந்து வந்தன? 18 மெய்யோடு 12 உயிரும் சேர்ந்து வந்தன. 18 × 12 = 216. க் + ஆ = கா. ம் + ஆ = மா. கால் போடத் தெரிந்தால், கா முதல் னா வரை 18 எழுத்தும் உங்கள் கையில்.

உ, ஊ வரிசைகள் மட்டும் கொஞ்சம் படுத்தும். கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குறி கிடையாது. இந்த இரண்டு வரிசையிலும் சேர்த்து 36 எழுத்துகள். இது எத்தனை சதவீதம்?

உயிர்மெய் எழுத்துகளில்: 36 ÷ 216 × 100 = 16.7

எல்லா எழுத்துகளிலும்: 36 ÷ 247 × 100 = 14.6

அதே 36தான். ஆனால் விடை இரண்டு! ஏன்? கீழே உள்ள மொத்தம் மாறிவிட்டது. யாராவது உங்களிடம் சதவீதம் சொன்னால், "எதுல?" என்று உடனே கேளுங்கள்.

மகள் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நூத்துக்கு 15 எழுத்துதான் கஷ்டமா?"

"ஆமாம்மா. 14.6."

"சரி, பென்சில் குடுங்க. முதல்ல கு எப்படி எழுதணும்?"

பயிற்சி

1. உங்களுக்கு எத்தனை தமிழ் எழுத்துகள் எழுத வரும்? 247இல் அது எத்தனை சதவீதம்?

2. திருக்குறளில் 1330 குறள்கள் உள்ளன. அறத்துப்பாலில் 380 குறள்கள். அது எத்தனை சதவீதம்?

3. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் தாத்தா பாட்டியோடு தமிழில் பேசுகிறார்கள்? கேட்டுக் கணக்கிடுங்கள். மொத்தம் எது என்றும் எழுதுங்கள். (அன்றைக்கு வராதவர்களைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?)