வந்து வந்து போகும் கோளாறு

"சார், ஓட்டிப் பாத்துட்டோம், ஸ்கேனும் போட்டுட்டோம். வண்டி ஓகே சார்."

சர்வீஸ் அட்வைசர் சொல்வது பொய்யல்ல. காலையில் ஆறிக் கிடக்கும் வண்டியை எடுத்து இரண்டு கிலோமீட்டர் சுற்றிவந்தால் எல்லாம் ஓகேதான். உங்களுக்கு அது நின்றது மதியம் இரண்டு மணி வெயிலில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தபோது.

இப்படிப்பட்ட கோளாறு வாரன்டியில் சரியாக வேண்டுமானால், முதலில் அது ஜாப் கார்டில் ஏற வேண்டும். என் கார் நடுரோட்டில் நின்று, முதல் இரண்டு தடவை கொண்டுபோய் விட்டபோது அட்வைசர் எழுதியது "ஜெனரல் செக்கப்". நான் புகார் சொன்னதற்கே அத்தாட்சி இல்லை. மூன்றாம் தடவை நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்: "40 நிமிடம் ஓடியபின் மெதுவாக நகரும்போது எஞ்சின் தானாக நிற்கிறது. 15 நிமிடம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது." இதைப் படிக்கும் நல்ல மெக்கானிக்குக்கு, சூடேறினால் மட்டும் மக்கர் செய்யும் கிராங்க் சென்சார் உடனே நினைவுக்கு வரும். "வண்டி சரியில்லை" என்றால் அவர் எங்கே போய்த் தேடுவார்? ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், பிரதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், வேகம், மழையா வெயிலா என்று போனில் குறித்துவையுங்கள். வீடியோ இன்னும் நல்லது. பக்கத்து சீட்டில் இருப்பவர் எடுக்கட்டும்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு" என்று சொல்ல ஒரு நண்பர் எல்லோருக்கும் உண்டு. கேட்காதீர்கள். எரர் கோடும், அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்ற பதிவும் அழிந்துபோகலாம். வெளி மெக்கானிக்கை வயரிங்கில் கைவைக்க விட்டால், வாரன்டியை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

அட்வைசரிடம் கத்திப் பயனில்லை. வாரன்டியில் மாற்றும் பாகத்துக்கான பணத்தை டீலர் கார் கம்பெனியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். கோளாறுக்கு ஆதாரம் இல்லையென்றால் கம்பெனி கையை விரிக்கலாம். அவர் தயங்குவது அதனால்தான். உங்கள் வீடியோவும் குறிப்புகளும் அவருக்கும் உதவும். மெக்கானிக்கோடு நீங்களும் ஏறி, கோளாறு வரும் அதே வேளையில் ஓட்டிக் காட்டுங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் உங்களோடு ஒரு மணி நேரம் சுற்ற மாட்டார்கள், வாரநடுவில் லீவு போடுங்கள். முடிந்தால் வண்டியை இரண்டு மூன்று நாள் அங்கேயே விடுங்கள்.

அப்படியும் "ஓகே சார்"தானா? சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஜாப் கார்டு பிரதிகளோடு ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரன்டி முடிவதற்குள் அனுப்புவது முக்கியம். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய். தேவைப்பட்டால் ஆணையமே பரிசோதனைக்கு உத்தரவிடும்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. நான்காம் தடவை, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வண்டி நின்றது. சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள், பைசா வாங்கவில்லை. வாரன்டி முடிய அப்போது 19 நாள் பாக்கி.