"டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க"

"டீச்சர், சனிக்கிழமை டியூஷனுக்கு நான் போகலன்னா என்ன ஆகும்?"

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது. ஓய்வு மணி அடித்து மற்ற பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "பரீட்சை வருதேம்மா, கண்டிப்பா போகணும்" என்று சொல்லிவிட்டு நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். கிள்ளான் வட்டாரத்தில் எனக்கு அது இரண்டாவது வருட வேலை. அந்த டியூஷன் வாத்தியாரைப் பற்றிய பேச்சு என் காதுக்கு வர மேலும் எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவள் சனிக்கிழமை தவறாமல் போயிருக்கிறாள். நான் போகச் சொன்னேன் அல்லவா?

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கும், டியூஷன் நடத்துபவர்களுக்கும், தேவாரம், பரதம், சிலம்பம் சொல்லித்தருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடம் நடத்தப் பயிற்சி உண்டு. ஒரு குழந்தை உங்களை நம்பி வாய் திறக்கும் அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் கையாள்வது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

முதலில், பிள்ளைகள் நேராகச் சொல்ல மாட்டார்கள். குறிப்பிட்ட நாளில் மட்டும் வயிறு வலிக்கும். "இன்னைக்கு சார் வராரா?" என்று இரண்டு முறை கேட்பார்கள். "என் ஃபிரண்டு ஒருத்திக்கு இப்படி ஆச்சு" என்று தொடங்குவார்கள். அப்படிப்பட்ட கேள்வி வந்தால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். "ஏன் போகப் பிடிக்கல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள்.

பேசத் தொடங்கியதும் பெரும்பாலும் முதலில் வருவது "டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பதுதான். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். அந்த வாக்குறுதியை உங்களால் காப்பாற்ற முடியாது; காப்பாற்றவும் கூடாது. இப்படிச் சொல்லுங்கள்: "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உன்னைப் பாதுகாக்கக்கூடியவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியே ஆகணும்." "ஏன் அப்பவே சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவள் வாய் மூடிக்கொள்வாள்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். இங்கேதான் நல்ல மனம் படைத்த ஆசிரியர்களே தவறு செய்கிறார்கள். வகுப்பாசிரியர் ஒருமுறை கேட்பார், ஆலோசக ஆசிரியர் ஒருமுறை, தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர் முன்னால் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் குழந்தை அதையே மறுபடி அனுபவிக்கிறது. சொல்லும் வார்த்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போகிறது. நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மாற்றத்தைத்தான் பிடித்துக்கொள்வார். பிள்ளைகளை விசாரிக்கவென்றே பயிற்சி பெற்ற அதிகாரிகள் போலீசில் இருக்கிறார்கள். அவர்கள் பதிவு செய்யும் காணொளியைச் சாட்சியமாகக் கொடுக்க 2007-ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் வேலை எழுதிவைப்பதுதான். அவள் தமிழும் மலாயும் கலந்து சொன்னால் கலந்தபடியே எழுதுங்கள். கொச்சையைத் திருத்தாதீர்கள். தேதி, நேரம், உங்கள் கையெழுத்து. அது போதும்.

பிறகு போலீஸ். இதில் பலருக்குத் தெளிவில்லை என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, அந்த ஆண்டு ஜூலை 10-இல் அமலுக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவிக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். யாராக இருந்தாலும்! பள்ளிக் காவலாளிக்கும் பொருந்தும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கும் பொருந்தும். தலைமையாசிரியரிடம் சொன்னால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் அனுமதிக்காகப் புகாரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. அன்றைக்கே போங்கள். குழந்தைக்கு உடலில் காயமோ வலியோ இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். சிகிச்சை, பரிசோதனை, போலீஸ் புகார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் நெருக்கடி மையம் 1994-இலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே உதவித் தொலைபேசியை அழையுங்கள், எண் 15999.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரன் கோலாலம்பூரில் ஆங்கிலம் சொல்லித்தருபவன், புகைப்படக்காரன், தொண்டூழியன் என்று ஏழைக் குடும்பங்களுக்குள் நுழைந்தான். 2014 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் கைதானான். 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டான். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு மாதக் கைக்குழந்தை முதல் 12 வயதுப் பிள்ளை வரை அவனிடம் சிக்கியிருந்தார்கள். நம் வீட்டு வாசலில் பல ஆண்டு நடந்ததை நாம் தெரிந்துகொண்டது வெளிநாட்டுத் தீர்ப்பிலிருந்து. அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டு சட்டம் 792-உம், புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் வந்தன. இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்று வருபவரை யார், எவர் என்று விசாரிக்காமல் உள்ளே விடும் பழக்கம் மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஆசிரியர், விரிவுரையாளர், விடுதிக் காப்பாளர், பயிற்றுநர் ஆகியோரை நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர்களாகக் குறிப்பிடுகிறது. அவர்கள் குற்றம் செய்தால் வழக்கமான தண்டனைக்கு மேல் இன்னும் ஐந்து ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு பிரம்படி. தொடுவதற்கு முன்பே, அந்த நோக்கத்தோடு பிள்ளையிடம் பேசிப் பழகுவதே 12-ஆம் பிரிவில் குற்றம். ஆசிரியர் அறையில் அது எப்படித் தெரியும்? ஒரே மாணவிக்கு மட்டும் பேனா, சாக்லேட், டாப்-அப் கார்டு. ராத்திரி பதினொன்றரைக்கு "தூங்கலயா?" என்று வாட்ஸ்அப். "உங்க அம்மாவுக்கு உன்னைப் புரியாது, எனக்குப் புரியும்." இதில் ஒன்றைக் கண்டாலும் தேதி போட்டுக் குறித்துவைத்து எழுத்து மூலம் மேலிடத்துக்குக் கொடுங்கள்.

சக ஆசிரியர் என்று வரும்போதுதான் கை நடுங்குகிறது. "குடும்பஸ்தர், இருபது வருஷ சர்வீஸ், பள்ளிப் பேர் என்ன ஆகும்? ஏற்கெனவே தமிழ்ப்பள்ளியில பிள்ளைகள் எண்ணிக்கை குறையுது." கூட்டத்தில் இந்த வாதங்களைக் கேட்டிருக்கிறேன். கடைசியில் இடமாற்றம் என்று முடிப்பார்கள். இடமாற்றம் என்றால் இன்னொரு பள்ளியின் பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைப்பது. அதைத் தீர்வு என்று நான் ஏற்க மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும், உண்மைதான். அதைப் போலீசும் நீதிமன்றமும் செய்யட்டும். விசாரணை முடியும்வரை அவர் பிள்ளைகள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் பொறுப்பு.

2021 ஏப்ரலில் சிலாங்கூர், புஞ்சாக் ஆலமில் 17 வயது மாணவி ஒருத்தி, உடற்கல்வி ஆசிரியர் வகுப்பில் பாலியல் வன்கொடுமையை வைத்துச் சொன்ன நகைச்சுவையைப் பற்றி டிக்டாக்கில் பேசினாள். பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குங்கள் என்ற இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. அடுத்த மாதமே சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பள்ளியைப் பற்றி முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுதத் தொடங்கினார்கள். வணிகவியல் ஆசிரியர் ஒருவர் இந்தியாவின் சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமான போக்சோவில் கைதானார். பெரியவர்கள் பலர் "இதையெல்லாம் இப்படிப் பொதுவில் போடலாமா?" என்று கேட்டார்கள். அலுவலகக் கதவைத் தட்டினால் பதில் வரும் என்று பிள்ளைகள் நம்பியிருந்தால் கைப்பேசியைத் திறந்திருக்க மாட்டார்கள்.

நேர்மையாக வேலை செய்யும் இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள், "இனி பிள்ளையிடம் பேசவே பயமா இருக்கு" என்கிறார்கள். பயப்பட வேண்டாம், பழக்கத்தை மாற்றுங்கள். தனியாகச் சொல்லித்தரும்போது கதவு திறந்திருக்கட்டும். செய்தி அனுப்பினால் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்புங்கள். மழை பெய்தாலும் ஒரு பிள்ளையைத் தனியே காரில் ஏற்றாதீர்கள். பெற்றோர் வரும்வரை கூட நில்லுங்கள். பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறீர்களா? அறைக் கதவில் கண்ணாடி பொருத்துங்கள், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் ஏறி வரலாம் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆளை வேலைக்கு எடுக்கும் முன் பழைய முதலாளிக்குத் தொலைபேசி போடுங்கள். சிறார் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநல இலாகாவிடம் இருக்கிறது. 2016-இல் குழந்தைகள் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் சொல்வது, "நாளைக்கு இவளை யாரு கட்டுவா? விட்டுடுங்க டீச்சர்." அந்தப் பயத்தைத் திட்டாதீர்கள். பிள்ளையின் பெயர், படம், முகவரி ஊடகத்தில் வெளியாவதை 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது என்று சொல்லுங்கள். குழந்தையின் சாட்சியை மட்டுமே வைத்தும் தண்டனை கொடுக்கச் சட்டம் 792 வழி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். போலீஸ் நிலையத்துக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். தண்ணீர் போத்தலும் பிள்ளைக்குப் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வருவாள். வாசலில் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பரிதாபமாகப் பார்க்காதீர்கள், தோளைத் தடவாதீர்கள், நேற்றைய பேச்சை எடுக்காதீர்கள். வழக்கம்போல வீட்டுப்பாடம் எங்கே என்று கேளுங்கள்.