இரண்டு திருநீலகண்டர்கள்... யாருக்கு எந்த நாளில் குருபூஜை?

சிவாலயப் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரை வலம் வரும்போது பெயர்களைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓரிடத்தில் திருநீலகண்டர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் ஒரு திருநீலகண்டர்! 'ஒருத்தரையே ரெண்டு தடவை வைத்துவிட்டார்களோ?' என்று தோன்றும்.

இல்லை. இவர் வேறு, அவர் வேறு. ஊர், குலம், தொழில், குருபூஜை நாள் எல்லாமே வேறு. யாருக்காக விளக்கேற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்றினால் மனசுக்கும் நிறைவுதானே!

முதலாமவர் தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதே அவருடைய தொண்டு. சதா 'திருநீலகண்டம்' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. ஒருநாள் அவர் வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்வர, மனைவி கொதித்துப் போனார். 'எம்மைத் தொடக்கூடாது, திருநீலகண்டத்தின் மேல் ஆணை' என்றார். 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று சொல்லிவிட்டாரே! அதனால் பெண்குலம் முழுவதையுமே இனி மனத்தாலும் தீண்டுவதில்லை என்று முடிவு செய்தார் நாயனார். ஒரே வீட்டில், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல், முதுமை வரும்வரை அப்படியே வாழ்ந்தார்கள்.

பிறகு சிவயோகியாக வந்த இறைவன், கொடுத்துவைத்த ஓட்டை மறையச் செய்து, 'திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கு' என்றார். ஆளுக்கொரு முனையாக மூங்கில் தண்டைப் பிடித்து இறங்கினார்கள். 'கையைப் பிடி' என்று யோகியார் விடாமல் கேட்க, இத்தனை வருடம் மூடி வைத்ததை ஊரார் முன்னால் சொல்லிவிட்டே மூழ்கினார் நாயனார். இளமையோடு எழுந்தார்கள். சிதம்பரம் இளமையாக்கினார் கோயிலில் தை விசாகத்தன்று இந்த வைபவம் நடக்கிறது. அதுவே இவருடைய குருபூஜை நாள். (சபதம் போட்ட அந்த அம்மாளின் பெயரைச் சேக்கிழார் சொல்லவே இல்லை. எனக்கு அது ஒரு குறைதான்!)

இரண்டாமவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். விருத்தாசலம் பக்கத்தில் இன்று ராஜேந்திரப்பட்டினம் எனப்படும் திருஎருக்கத்தம்புலியூர்க்காரர். இவருடைய மனைவிக்குப் பெயர் உண்டு: மதங்கசூளாமணியார். தம்பதியாகத் திருஞானசம்பந்தரோடு தலம் தலமாகப் போய்ப் பதிகங்களை யாழில் இசைத்தவர்கள். காரைக்கால் அருகே தருமபுரத்தில் உறவினர்கள், 'நீர் வாசிப்பதால்தான் பிள்ளையின் பாட்டுக்குப் பெருமை' என்றார்கள். பாணர் பதறிப்போனார். யாழுக்குள் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடும்படி அவரே சம்பந்தரிடம் வேண்டினார். வாசிக்க முடியாமல் யாழையே உடைக்கப் போனபோது சம்பந்தர் தடுத்தார். அந்தத் தலத்து ஈசனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். தன் புகழைத் தானே தோற்கடித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

நல்லூர்ப்பெருமணத்தில் சம்பந்தர் திருமணத்தின்போது ஜோதியில் கலந்தவர்களில் இந்தத் தம்பதியும் உண்டு. எனவே குருபூஜை, சம்பந்தருக்கு உரிய அதே வைகாசி மூலம்.

இந்தக் குழப்பம் வரும் என்று சுந்தரருக்கு அன்றே தெரிந்திருக்கிறது! திருத்தொண்டத்தொகையில் ஒருவரைக் குயவனார் என்றும், மற்றவரைப் பாணனார் என்றும் தொழிலைச் சேர்த்தே பாடியிருக்கிறார்.

மாறனார்களும் இருவர். நள்ளிரவு மழையில், விதைத்த நெல்லை வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்தவர் இளையான்குடி மாறனார். அவருக்கு ஆவணி மகம். அம்பரில் சோமயாகம் செய்தவர் சோமாசிமாறனார். அவருக்கு வைகாசி ஆயில்யம்.

அடுத்த முறை பிராகாரம் சுற்றும்போது கையைக் கவனியுங்கள். யாழ் இருந்தால் அவர் பாணர்.