ஜப்பானியரின் கதை விளையாட்டுகள்: என் கருத்துகள் சில

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

முன்னுரை

விளையாட்டு என்றால் ஆண்டு மலரில் கபடிக்கும் கைப்பந்துக்கும்தான் இடம். கைப்பேசித் திரையில் ஆடும் விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. இணையத்தில் பணம் கட்டி ஆடிய சீட்டாட்டத்தால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் கடனில் மூழ்கின; உயிர்களும் போயின. அத்தகைய பண விளையாட்டுகளைத் தடுக்க 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நான் எழுத வந்தது அவற்றைப் பற்றியன்று.

கதை ஒன்றை ஆடுபவரே நடத்திச் செல்லும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. நாம் ஒரு கதைமாந்தராகி, ஊர் ஊராகச் சென்று, மனிதர்களிடம் பேசி, பகைவரை வென்று, சிறிது சிறிதாக வலிமை பெறுகிறோம். இதனை 'ரோல் பிளேயிங் கேம்', சுருக்கமாக ஆர்.பி.ஜி. என்பர். இதனைத் தமக்கே உரிய முறையில் வளர்த்தவர்கள் ஜப்பானியர். பட்டு நெய்யும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்த நிலையிலிருந்து இவற்றை ஆடியபோது எனக்குத் தோன்றியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தோற்றம்

1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் 'ஃபேமிகாம்' என்னும் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. 1986-இல் ஷிகெரு மியாமோட்டோவின் 'லெஜண்ட் ஆஃப் செல்டா'வும், யூஜி ஹோரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்'டும் வந்தன. 1987-இல் ஹிரோனோபு சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேன்டசி', 1996-இல் சதோஷி தஜிரியின் 'போக்கிமான்' என இவ்வரிசை வளர்ந்தது.

முதல் டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பன்மடங்கு பெரியது. இடம் போதாமையால் 'கதகானா' எழுத்துகள் அனைத்தையும் சேர்க்க இயலவில்லை. தேர்ந்தெடுத்த சில எழுத்துகளைக் கொண்டே பூதங்களுக்குப் பெயர் சூட்டினர். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியும் இல்லை. இருபது எழுத்து கொண்ட ஒரு 'மந்திரத்தை'ப் பிள்ளைகள் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதைப் பதிந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். ஓர் எழுத்துப் பிழையானாலும் உள்ளே விடாது!

கியோத்தோவும் காஞ்சியும்

இவற்றுள் நிண்டெண்டோ பிறந்த ஊர் கியோத்தோ. 1889-இல் 'ஹனஃபுதா' என்னும் பூச்சீட்டு செய்யும் கடையாக அது அங்கே தொடங்கியது. கியோத்தோ எப்படிப்பட்ட ஊர் என்று படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அது கோயில்கள் நிறைந்த பழைய தலைநகரம். அங்கே நிஷிஜின் என்னும் பகுதி பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. பல்லவர் தலைநகராக இருந்து, இன்று கோயிலாலும் பட்டாலும் அறியப்படும் நம் ஊரை இதனோடு ஒப்பிடாமல் இருக்க முடியுமா?

1872-இல் நிஷிஜினிலிருந்து சிலர் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் சென்று ஜக்கார்டு தறியைக் கற்று வந்தனர். அதே ஜக்கார்டு பெட்டிதான் இன்று நம் ஊர்த் தறிகளின் மேலும் இருக்கிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி மேலேறிப் பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையேல் தூக்காது. உண்டு, இல்லை என்னும் இந்த இரண்டே சொற்கள்தாம் கணினியின் மொழியும். சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார் என்பது நம் பாடத்திலேயே வருகிறது.

ஒற்றுமை அத்தோடு நிற்கவில்லை. புடவைக் கரையில் வரும் அன்னத்தையும் யாளியையும் முதலில் கட்டம் போட்ட வரைதாளில்தான் போடுவார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். நிண்டெண்டோவில் மியாமோட்டோவும் அவர் தோழர்களும் தம் விளையாட்டு உருவங்களையும் இடங்களையும் வரைந்ததும் கட்டத் தாளில்தான். ஃபேமிகாமில் ஓர் உருவத் துண்டுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிகள், மூன்றே வண்ணங்கள். அந்தச் சிறு இடத்தில் ஒரு வீரனை நிறுத்துவதும், சில இழைகளில் ஒரு மயிலை நிறுத்துவதும் ஒரே வகை அறிவு என்பது என் துணிபு. இதை நான் சொன்னபோது என் அப்பா, "அப்ப நாங்க செய்யறதும் கம்ப்யூட்டர்தானா?" என்று சிரித்தார். சிரிப்பாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது.

நான் விரும்புவன

முதலாவது, உழைப்புக்குக் கணக்கு இருப்பது. டிராகன் குவெஸ்ட்டில் நாயகன் தொடக்கத்தில் நோஞ்சான். 'ஸ்லைம்' என்னும் துளி வடிவச் சிறு பூதத்தை அடித்தால் ஒரு புள்ளி அனுபவம் சேரும். அப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் நிலை உயர வேண்டும். தோற்றால் கையிருப்புப் பொன்னில் பாதி போகும். பெற்ற அனுபவம் போகாது. அப்பா பாவில் உட்கார, அம்மா பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா தள்ள, விரல் விரலாகக் கோர்வைப் புடவை வளர்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இந்தப் பொறுமை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால், ஒரு நாள் உழைத்தால் ஒரு நாள் அளவுக்குக் கட்டாயம் உயரலாம் என்ற உறுதி தறியில் எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஜரிகை விலை ஏறினாலும், மழையில் பாவு ஈரம் கோத்தாலும் கணக்கு மாறிவிடும். விளையாட்டின் இன்பத்தில் ஒரு பங்கு இந்த நேர்மையான கணக்கில் இருக்கிறது.

இரண்டாவது, சிறு செயலுக்கும் மதிப்பு இருப்பது. 1995-இல் வந்த 'குரோனோ டிரிக்கர்' ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. அங்கே பிறர் வைத்த உணவை நாம் எடுத்துத் தின்னலாம். ஒரு சிறுமியின் காணாமற்போன பூனையைத் தேடித் தரலாம். எதுவும் பெரிதாகத் தெரியாது. பின்னர் நாயகன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது அவையெல்லாம் சாட்சியமாக வருகின்றன! நீதி நூலில் நூறு முறை படித்ததை இங்கே நம் கையால் செய்து உணர்கிறோம்.

மூன்றாவது, பெரிய கேள்விகளைக் கேட்பது. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசியின் ஏழாம் பகுதியில் ஒரு நிறுவனம் பூமியின் உயிராற்றலையே உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கிறது. மேல்தட்டு நகரம் ஒளியில் மிதக்கிறது. அதன் அடியில் சேரி இருளில் கிடக்கிறது. பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்த எனக்கு இது அயல்நாட்டுக் கதையாகப் படவில்லை.

நான்காவது பயன், நானே எதிர்பாராதது. நான் தமிழ் வழியில் படித்தவன். நான் ஆடிய எந்த விளையாட்டிலும் தமிழ் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஊராரின் பேச்சையும் படித்ததில் என் ஆங்கிலம் வளர்ந்தது. கதை அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலே என் ஆசிரியர்.

நான் விரும்பாதன

குறைகளும் பல. சில விளையாட்டுகளில் ஒரே சண்டையை நூறு முறை போட வைத்து நேரத்தைக் கொல்கிறார்கள். பெண் பாத்திரங்களுக்குத் தரும் உடை போருக்குப் போகிறவர் உடையாக இல்லை.

இவற்றினும் கொடியது 'கச்சா' முறை. காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரால் வந்தது இது. பணம் கட்டிக் குலுக்கல் முறையில் பாத்திரங்களைப் பெற வேண்டும். இதில் ஒரு வகையைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012-இல் ஜப்பான் அரசே அறிவித்தது. ஆயினும் மற்ற வகைகள் தொடர்கின்றன. 2015-இல் வந்த 'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' விளையாட்டில் நம் கர்ணனும் இருக்கிறான். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த கர்ணனைப் பணம் கட்டிக் குலுக்கலில் பெற வேண்டுமாம்! சீட்டாட்டத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கதை விளையாட்டை ஆதரிக்கும் நான் இதை ஆதரிக்க மாட்டேன்.

பெயர் மட்டும் போன கதை

ஃபைனல் ஃபேன்டசியில் 'சிவா' என்றொரு பாத்திரம் 1990 முதல் வருகிறது. அது பனியை ஏவும் ஒரு பெண்! ஏகாம்பரநாதரை மண் லிங்கமாக வணங்கும் ஊரில் இருந்து பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. எனக்குச் சினமில்லை. பெயர் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது, கதை போய்ச் சேரவில்லை என்றுதான் கொள்கிறேன்.

கதையும் சேர்ந்து போன காலம் ஒன்று இருந்தது. பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற சரஸ்வதி, அங்கே 'பென்சாய்தென்' என்ற பெயரில் வீணை போன்ற கருவியோடுதான் இருக்கிறாள். சீனம் சென்ற போதிதருமரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறும்; காஞ்சி இளவரசர் என்பது நம்மிடையே வழங்கும் மரபு. ஜப்பானில் அவர் 'தருமா'. தள்ளினாலும் எழுந்து நிற்கும் சிவப்புப் பொம்மையாக அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார். அந்தப் பொம்மையின் சாயலில் 2010-இல் போக்கிமானில் 'தருமக்கா' என்ற சிறு உயிரினம் வந்தது. அதன் வளர்ந்த வடிவத்துக்குத் தியான நிலை ஒன்றும் உண்டு. நம் பிள்ளைகள் அதை ஜப்பான் சரக்கு என்றே எண்ணி ஆடுகிறார்கள்!

நம்மிடம் கதை இல்லையா?

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதம், நற்செயலுக்கு ஏணியும் தீச்செயலுக்குப் பாம்பும் வைத்த விளையாட்டே அல்லவா? கதைக்கும் குறைவில்லை. நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபத்தில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 731-இல் அரசன் வாரிசின்றி இறக்கிறான். கடிகையாரும் ஊர்ப் பெரியோரும் கிளை மரபினனான இரணியவர்மனை நாடிச் செல்கிறார்கள். அவன் மூத்த மைந்தர்கள் வர மறுக்கின்றனர். பன்னிரண்டே வயதான பல்லவமல்லன் மட்டும் "நான் போகிறேன்" என முன்வருகிறான். தந்தை தயங்குகிறார். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து, இரண்டாம் நந்திவர்மனாக முடி சூடுகிறான்.

இதைவிடச் சிறந்த ஆர்.பி.ஜி. கதை வேறு உண்டா? அரசனைத் தேடிச் சென்ற கடிகையார் யார்? கடிகை என்பது அன்றைய காஞ்சியின் உயர்கல்விக் கூடம். அதாவது, அக்காலக் கல்லூரிக்காரர்கள்!

முடிவுரை

முயற்சிகள் தொடங்காமல் இல்லை. புனேயில் உருவான 'ராஜி' 2020-இல் வந்தது. கனடாவின் டொராண்டோவில் உருவாகி 2023-இல் வந்த 'வெண்பா', அங்கே குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் சமையற்கட்டையே விளையாட்டாக்கி உலகப் பாராட்டுப் பெற்றது. டொராண்டோவில் முடிந்தது காஞ்சியில் முடியாதா?

எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. என்னையும் தறியில் உட்கார வேண்டாம் என்றுதான் படிக்க அனுப்பினார்கள். தறியை விட்டு வருகிறவர்கள் கட்டம் பார்க்கும் கண்ணையும் அங்கேயே விட்டுவிட வேண்டுமா என்பதே என் கேள்வி. அந்தக் கண்ணுக்கு இந்தத் துறையில் வேலை இருக்கிறது. 'கோடோ' போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்தையும் அவை திரையில் காட்டும்.

பல்லவமல்லனின் பயணத்தை ஒரு சிறு தமிழ் விளையாட்டாக்க வேண்டும் என்பது என் ஆவல். பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் அவன் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்த வரலாற்று மாணவர்களும், உரையாடல் எழுதத் தெரிந்த தமிழ் மாணவர்களும் சேர்ந்தால்தான் இது நிறைவேறும். விருப்பமுள்ள தோழர் தோழியர் மாலை நான்கு மணிக்கு மேல் கணினி ஆய்வகத்தில் என்னைக் காணலாம்.